சின்ன எலக்ட்ரிகல், பிளம்பிங் தொழிலில் மணிக்கூலி போடுவது எப்படி: கணக்கோடு ஒரு வழிகாட்டி

எலக்ட்ரீசியனாகவோ பிளம்பராகவோ ஏசி மெக்கானிக்காகவோ இன்னொருவரிடம் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாகக் கடை போட்டு, ஒன்றிரண்டு ஆட்களையும் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலை உங்களுக்குத் தெரியும். ஆனால் "மணிக்கு எவ்வளவுங்க?" என்று கேட்டால் பக்கத்துக் கடைக்காரர் வாங்கும் தொகையைத்தான் சொல்கிறோம், அவரும் இன்னொருவரைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். நான் திருச்சியில் கடை போட்டபோது இதை உட்கார வைத்துச் சொல்லித்தர யாரும் இல்லை. ஆடிட்டர் வரியைப் பார்ப்பார், பேங்க்காரர்கள் லோன் கணக்கைப் பார்ப்பார்கள், கூலி எவ்வளவு போட வேண்டும் என்பது நம் தலையில்தான். பழைய நோட்டுகளையும் பில்களையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டித் தேற்றிய கணக்கு இது, உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம்.

கீழே வரும் எண்களெல்லாம் ஒரு மாதிரிக் கடைக்கானவை: முதலாளி ஒருவர், எலக்ட்ரீசியன் ஒருவர், ஹெல்பர் ஒருவர், இரண்டு பைக், வாடகைக் கடை. உங்கள் ஊர், உங்கள் ஆள், உங்கள் வாடகை எல்லாம் வேறாக இருக்கும். எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், வரிசையை மாற்றாதீர்கள்.

1. காகிதங்களை எடுத்து வையுங்கள்

கணக்குக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், ஆனால் காகிதம் சேர்க்கச் சில நாள் ஆகும். வேண்டியவை: ஆட்களின் சம்பள நோட்டு (அட்வான்ஸ் கொடுத்தது, தீபாவளிக்குக் கொடுத்தது உட்பட), கடை வாடகை ஒப்பந்தம், கடைசி ஆறு ஈபி பில் (இரண்டு மாதத்துக்கு ஒன்று என்பதால் ஆறுதான் ஒரு வருஷம்), பைக் இன்ஷூரன்ஸும் சர்வீஸ் பில்லும், டூல்ஸ் வாங்கிய பில், லோன் ஸ்டேட்மெண்ட், ஆடிட்டருக்குக் கொடுத்த தொகை, ஒரு வருஷ பேங்க் ஸ்டேட்மெண்ட்.

பெட்ரோலுக்குப் பெரும்பாலும் பில் இருக்காது. ஜிபே, போன்பே வரலாற்றைப் பாருங்கள், பங்க்கில் கொடுத்ததெல்லாம் அதில் இருக்கும். கையில் காசாகக் கொடுத்ததை நினைவிலிருந்து எழுதினால் எப்போதும் குறைவாகத்தான் வரும்.

2. காசாகும் மணி எத்தனை என்று பாருங்கள்

மொத்தக் கணக்கும் இந்த ஒரு எண்ணில்தான் நிற்கிறது. அதனால் இதற்கு மட்டும் அவசரப்படாதீர்கள்.

ஆள் காலை 9 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குப் போனால், சாப்பாட்டு நேரம் போக 8 மணி நேரத்துக்கு நீங்கள் சம்பளம் கொடுக்கிறீர்கள். வாடிக்கையாளர் எத்தனை மணி நேரத்துக்குக் கொடுக்கிறார்? ஒரு சாதாரண சர்வீஸ் நாளைப் பாருங்கள். 9 மணிக்குக் கடைக்கு வந்து சாமான் எடுத்துக் கிளம்ப 9.35. கே.கே.நகர் போய்ச் சேர 10.00. எம்சிபி (கோளாறு வந்தால் தானே கரண்டை நிறுத்தும் ஸ்விட்ச்) அடிக்கடி ட்ரிப் ஆகிறது, எந்த லைனில் கோளாறு என்று தேடிப் பிடிக்க 11.40. எம்சிபியே போயிருக்கிறது, 32 ஆம்பியர் வாங்க டவுனுக்கு வந்து திரும்ப 12.30. மாட்டி, சோதித்துக் காட்டி முடிக்க 1.15. சாப்பாடு. 2.15க்குக் கிளம்பிக் காவிரிப் பாலத்து நெரிசலைத் தாண்டி ஸ்ரீரங்கம் போக 2.50. போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டர் வேலை 4.45 வரை. வழியில் திருவானைக்காவலில் ஒரு வீட்டுக்கு எஸ்டிமேட் போட அளவெடுத்து, கடைக்குத் திரும்ப 5.45.

சாப்பாடு போக 7 மணி 45 நிமிடம் உழைப்பு. பில்லில் ஏறியது 1 மணி 40 நிமிடம், 45 நிமிடம், 1 மணி 55 நிமிடம், ஆக 4 மணி 20 நிமிடம். ஆள் எங்கும் சோம்பி உட்காரவில்லை, இது நல்ல வேலை நாள்தான். சர்வீஸ் தொழிலின் தன்மையே இப்படி.

ஆகவே நான்கு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுத வையுங்கள். கிளம்பிய நேரம், வேலை தொடங்கிய நேரம், முடித்த நேரம், இந்த மூன்றும் போதும். ஆட்களுக்கு எழுதச் சங்கடம் என்றால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் போடச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இது அவர்களை வேவு பார்க்க இல்லை, ரேட் போடத்தான். சொல்லாமல் தொடங்கினால் எல்லா வேலைக்கும் ஒரே மாதிரி நேரத்தை எழுதித் தருவார்கள், அந்த நோட்டு எதற்கும் உதவாது.

எந்த மாதத்தில் எழுதுகிறீர்கள் என்பதும் முக்கியம். மே மாதம் ஏசி, ஃபேன், மோட்டார் என்று போன் ஓயாது. ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டு வேலையை யாரும் தொடங்க மாட்டார்கள், ஐப்பசி கார்த்திகையில் மழை. மே மாத நோட்டை வைத்து வருஷத்துக்கே ரேட் போட்டால் கணக்கு பொய்யாகிவிடும். சீசனில் ஒரு முறை, சீசன் இல்லாதபோது ஒரு முறை எழுதி சராசரி எடுங்கள்.

இனி நாள் கணக்கு. 365இல் ஞாயிறு 52 போனால் 313. தமிழ்நாட்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி வருஷத்துக்கு 9 நாள் (ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, பண்டிகைக்கு ஐந்து). அது போனால் 304. காய்ச்சல், ஊர்த் திருவிழா, சொந்தக்காரர் கல்யாணம், பொங்கலுக்குக் கூடுதலாக எடுப்பது என்று 14 நாள் வையுங்கள். மீதி 290 நாள். நாளைக்கு சராசரி 5 மணி காசாகிறது என்று எடுத்தால் 290 × 5 = 1,450 மணி.

அந்த 1,450ஐ ஒரு அட்டையில் பெரிதாக எழுதி எதிரில் வையுங்கள்.

3. ஆளின் உண்மைச் செலவு

எலக்ட்ரீசியனுக்கு மாதம் 22,000. பலரும் இதை 26ஆலும் 8ஆலும் வகுத்து, மணிக்கு 106 ரூபாய் என்று எடுத்துக்கொண்டு, "நான் 250 வாங்குகிறேன், பாதிக்கு மேல் லாபம்" என்று நினைக்கிறார்கள். சரியான கணக்கு இது: 12 மாதச் சம்பளம் 2,64,000, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் 22,000, விபத்துக் காப்பீடு, டீ, வெளியூர் போனால் சாப்பாடு, வருஷத்துக்கு இரண்டு செட் துணி, எல்லாம் சேர்த்து 14,000. மொத்தம் 3,00,000. இதை 1,450ஆல் வகுத்தால் 207 ரூபாய். 106 என்று நினைத்த செலவு ஏறக்குறைய இரட்டிப்பு, அதுவும் கடை வாடகை, பெட்ரோல் எதுவும் சேராமலே.

ஹெல்பருக்கு மாதம் 14,000 என்றால் போனஸோடு 1,82,000, மற்றவை 8,000, ஆக 1,90,000. வகுத்தால் 131 ரூபாய்.

பத்து பேருக்குப் போனால் ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வரும், 21,000 வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம். இருபது பேருக்குப் போனால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), முதலாளி பங்கு 12 சதவீதம், அதற்கு மேல் நிர்வாகக் கட்டணம். பெரிய இடத்தில் லேபர் கான்ட்ராக்ட் எடுத்தால், சின்னக் கடையாக இருந்தாலும் இந்த இரண்டின் பதிவு எண்ணையும் கேட்பார்கள். எடுத்துக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இந்த இடத்திலேயே சேர்த்துவிடுங்கள், பின்னால் லாபத்திலிருந்து போகட்டும் என்று விடாதீர்கள்.

4. உங்களுக்கும் சம்பளம் போடுங்கள்

இதை விடுபவர்கள்தான் அதிகம். "நான் முதலாளி, மிச்சம் எல்லாம் எனக்குத்தானே" என்பார்கள். நாளைக்கு உங்களுக்குக் கால் ஒடிந்து மூன்று மாதம் படுத்தால், உங்கள் இடத்தில் ஒருவரைச் சம்பளத்துக்குத்தான் வைக்க வேண்டும். அந்தச் சம்பளத்தை இன்றைக்கே கணக்கில் வையுங்கள்.

மாதம் 30,000 என்றால் வருஷம் 3,60,000. உங்கள் நாளில் பாதி டூல்ஸோடு போகிறது, பாதி போன், எஸ்டிமேட், வசூல், ஆள் அனுப்புவது என்று போகிறது. பாதித் தொகை 1,80,000 வேலைக்கு, மற்ற 1,80,000 கடைச் செலவுக்கு. உங்கள் காசாகும் மணி நாளைக்கு இரண்டரை, வருஷத்துக்கு 725. 1,80,000ஐ 725ஆல் வகுத்தால் மணிக்கு 248.

5. கடைச் செலவு

ஒரு வருஷத்துக்கு: வாடகை 84,000, ஈபி 18,000, போனும் நெட்டும் 12,000, இரண்டு பைக்குக்குப் பெட்ரோல் 84,000, பைக் சர்வீஸ், டயர், இன்ஷூரன்ஸ் 24,000, ஆடிட்டர் 24,000, லோன் வட்டியும் பேங்க் சார்ஜும் 16,000, உரிமம் புதுப்பிப்பது, கார்டு, நோட்டீஸ் 12,000.

டூல்ஸ் தனியாகப் பார்க்க வேண்டும். டிரில், கட்டிங் மெஷின், மெகர் (வயர் இன்சுலேஷனை அளக்கும் கருவி), கிளாம்ப் மீட்டர், ஏணி எல்லாம் சேர்த்து 1,20,000 போட்டிருக்கிறீர்கள், மூன்று வருஷம் உழைக்கும் என்றால் வருஷத்துக்கு 40,000. டிரில் பிட், கட்டிங் பிளேடு, டேப், ஸ்க்ரூ மாதிரி தேய்ந்து தீர்ந்து போவது 18,000.

இன்னும் ஒன்று, எழுத மனசு வராத ஒன்று: காசு வராத வேலை. போட்டது சரியில்லை என்று மறுபடி போய்ச் செய்தது, "அடுத்த வாரம் தர்றேன்" என்று சொல்லி வராமலே போனது. 28,000 வைத்திருக்கிறேன்.

மொத்தம் 3,60,000. உங்கள் நிர்வாகச் சம்பளம் 1,80,000 சேர்த்தால் 5,40,000.

இதில் பலர் விழும் பள்ளம் இரண்டு உண்டு. லோனில் வட்டி மட்டும்தான் செலவு. அசலைச் சேர்த்தால், அந்த லோனில் வாங்கிய டூல்ஸ் தேய்மானத்திலும் அசலிலுமாக இரண்டு முறை ஏறிவிடும். அடுத்தது, வீட்டுச் செலவு. பையன் ஸ்கூல் ஃபீஸ் உங்கள் 30,000 சம்பளத்திலிருந்து போக வேண்டியது, கடைச் செலவில் வரக்கூடாது. உங்கள் வருமான வரியும் அப்படித்தான்.

இந்த 5,40,000ஐ யார் மணியில் ஏற்றுவது? ஹெல்பர் தனியாக எங்கும் போவதில்லை, அதனால் எலக்ட்ரீசியனின் 1,450, உங்கள் 725, ஆக 2,175 மணியில் ஏற்றுங்கள். மணிக்கு 248.

6. கூட்டி, லாபம் வையுங்கள்

எலக்ட்ரீசியன் தனியாகப் போனால் 207 + 248 = 455.
ஹெல்பரோடு போனால் 455 + 131 = 586.
நீங்கள் போனால் 248 + 248 = 496.

இது அசல், அதாவது நம் கையிலிருந்து போகும் செலவு. இதற்கு மேல் வருவதுதான் கடையின் லாபம். புது டூல்ஸ், வேலையில்லாத மாதம், வண்டி மாற்றுவது எல்லாம் அதிலிருந்துதான். 15 சதவீதம் வேண்டும் என்று வையுங்கள். 455இல் 15 சதவீதம் கூட்டினால் 523 வரும், ஆனால் அந்த 523இல் லாபம் 13 சதவீதம்தான். வாங்கும் தொகையில் 15 நிற்க வேண்டும் என்றால் 0.85ஆல் வகுக்க வேண்டும்: 455 ÷ 0.85 = 535. அதே மாதிரி 586க்கு 689, 496க்கு 584. சில்லறை இல்லாமல் ஆக்கினால் 550, 700, 600.

7. தலைகீழாகப் போட்டுச் சரிபாருங்கள்

எலக்ட்ரீசியனும் ஹெல்பரும் சேர்ந்த ஜோடி 1,450 மணி × 700 = 10,15,000. நீங்கள் 725 மணி × 600 = 4,35,000. மொத்த வரவு 14,50,000. செலவு: 3,00,000 + 1,90,000 + உங்கள் சம்பளம் 3,60,000 + கடை 3,60,000 = 12,10,000. மீதி 2,40,000, அதாவது பதினாறரை சதவீதம். சில்லறையை மேலே தள்ளியதால் ஒன்றரை கூடியிருக்கிறது. சரி, கணக்கு நிற்கிறது. உங்கள் எண்ணில் இது நிற்காவிட்டால் எங்கோ ஒரு செலவு இரண்டு முறை ஏறியிருக்கும், இல்லை விட்டுப் போயிருக்கும்.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டும். எலக்ட்ரீசியனும் ஹெல்பரும் சேர்ந்து ஒரு நாளைக்கு 700 × 5 = 3,500 கொண்டுவர வேண்டும். புது வீட்டு வயரிங் என்றால் ஒரே சைட்டில் நாள் முழுக்க நிற்பார்கள், 7 மணி காசாகும், அங்கே மணிக்கு 500 போதும். சர்வீஸுக்கும் சைட்டுக்கும் இரண்டு ரேட் வைப்பதில் தப்பே இல்லை, நாளின் மொத்தம் ஒன்றுதான். பாயிண்ட் ரேட் (லைட், ஃபேன், பிளக் என்று ஒவ்வோர் இணைப்புக்கும் இவ்வளவு என்ற கூலி) கேட்டாலும் இந்த 3,500தான் அளவுகோல்: உங்கள் ஜோடி ஒரு நாளில் 10 பாயிண்ட் முடித்தால் பாயிண்டுக்கு 350. ஊரில் 250க்குத்தான் போகிறது என்றால், நாளைக்கு 14 பாயிண்ட் முடிக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வேலை உங்களுக்கு வேண்டாம்.

8. மெட்டீரியல் லாபத்தை எங்கே வைப்பது

எலக்ட்ரிகல் கடையில் நமக்கு ஒரு விலை, வாடிக்கையாளருக்கு ஒரு விலை. இந்த வித்தியாசத்தில்தான் நம்மில் பலர் கூலியைக் குறைத்துச் சொல்லி ஓட்டுகிறோம். ஓட்டலாம், ஆனால் தெரிந்து ஓட்டுங்கள். வருஷத்துக்கு மெட்டீரியலில் 1,20,000 நிற்கிறது என்றால் 5,40,000 கடைச் செலவு 4,20,000 ஆகும், மணிக்கு 193. அப்போது ஜோடியின் ரேட் 700இலிருந்து 625க்கு வரும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், "வயரும் ஸ்விட்சும் நாங்களே வாங்கித் தர்றோம், நீங்க கூலி மட்டும் சொல்லுங்க" என்பார்கள். இப்போது பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது. அங்கே 625 சொன்னால் அந்த 75 உங்கள் கையிலிருந்து போகிறது. அதனால் மெட்டீரியல் நம்முடையது என்றால் 625, அவர்களுடையது என்றால் 700 என்று இரண்டையும் முதலிலேயே எழுதிக் கொடுங்கள். வாங்கித் தந்த சாமான் மட்டமாக இருந்து மறுபடி வர வேண்டியிருந்தால் அதற்குத் தனிக் கூலி என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

9. ஜிஎஸ்டி, டிடிஎஸ், உத்யம்

சர்வீஸ் தொழிலுக்கு வருஷ விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 40 லட்சம் என்று சொல்வார்கள், அது சரக்கு மட்டும் விற்பவர்களுக்கு. நம் மாதிரிக் கடை கூலியில் மட்டும் 14,50,000 எடுக்கிறது, மெட்டீரியலையும் உங்கள் பில்லிலேயே போட்டால் அதுவும் சேரும், ஆறு லட்சத்துக்குப் போட்டாலே தாண்டிவிடும். மார்ச் மாதம் உட்கார்ந்து பார்க்காமல் மாதா மாதம் கூட்டி வாருங்கள்.

பதிவு செய்தால் 18 சதவீதம் கூலிக்கு மேல்: 550 வாங்குபவர் 649 பில் போட வேண்டும், 700க்கு 826. "ரேட்டிலேயே அடக்கம்" என்று வாய்தவறி ஒத்துக்கொள்ளாதீர்கள், 550க்குள் வரி அடங்கினால் உங்களுக்கு வருவது 466தான், அது அசல் 455ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஒரு நல்லது என்னவென்றால், டூல்ஸில் கட்டிய ஜிஎஸ்டி திரும்ப வரவாகும், அதனால் ஐந்தாம் படியில் அவற்றை வரி நீக்கி எழுதுங்கள். பெட்ரோலுக்கு ஜிஎஸ்டி இல்லை, அதில் எதுவும் வராது. வீட்டு வாடிக்கையாளர்தான் அதிகம், விற்றுமுதல் 50 லட்சத்துக்குள் என்றால் 6 சதவீதம் கட்டும் காம்போசிஷன் முறை உண்டு. அதை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்க முடியாது, ரேட்டிலேயே ஏற்ற வேண்டும்: 550 ÷ 0.94 = 585. பதிவே இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி என்று போட்டு வாங்குவது மட்டும் கூடவே கூடாது.

கம்பெனிக்கு வேலை செய்தால் ஒரு பில் 30,000ஐத் தாண்டினாலோ, வருஷம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ, தனிநபர் உரிமையாளருக்கு 1 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) பிடிப்பார்கள். இது செலவு கிடையாது, வருமான வரி தாக்கல் செய்யும்போது கணக்கில் வரும், ரேட்டில் ஏற்ற வேண்டாம். பான் எண் மட்டும் கொடுத்துவிடுங்கள், கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போகும்.

உத்யம் (சின்னத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இலவசம், ஆதாரும் பானும் போதும். அரசுத் தளம் மாதிரியே இருக்கும் தளங்கள் ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும், முகவரியில் கடைசியில் அரசுத் தளத்துக்குரிய முடிவு இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். பதிவு இருந்தால், கம்பெனி உங்கள் பில்லை 45 நாளுக்கு மேல் இழுத்தடிக்கும்போது வட்டியோடு கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

10. வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது

வீடுகளில் மணிக்கணக்கு சொன்னால் ஆள் வேண்டுமென்றே மெதுவாகச் செய்வார் என்ற பயம் வரும். அதனால் மணிக்கணக்கு உங்கள் நோட்டில் இருக்கட்டும், அவர்களிடம் வேலைக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். ஸ்டார்ட்டர் மாற்ற இரண்டு மணி ஆகும் என்றால் தனி ஆளுக்கு 1,100.

குறைந்தபட்சம் ஒரு மணி என்று வையுங்கள். ரெகுலேட்டர் மாற்ற இருபது நிமிடம்தான், ஆனால் உங்கள் ஆளின் ஒன்றரை மணி நேரம் அதில் போய்விடுகிறது. "இதுக்குப் போய் ஐநூறா?" என்று கேட்டால், வேறு ஏதாவது சின்ன வேலை இருந்தால் அந்த ஒரு மணிக்குள் சேர்த்து முடித்துத் தருகிறோம் என்று சொல்லுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் இதோடு வண்டிச் சார்ஜ் என்று தனியாக வாங்காதீர்கள், பெட்ரோலும் போகும் நேரமும் ஏற்கெனவே ரேட்டில் இருக்கின்றன. ஊருக்கு வெளியே மணப்பாறை, துறையூர் என்று போனால் மட்டும் தனி.

நாள்கூலி எலக்ட்ரீசியன் ஆயிரம் ரூபாய்க்கு வருகிறாரே என்பார்கள். வருகிறார், நல்ல வேலைக்காரர்களும் அவர்களில் உண்டு. அவருக்கு வாடகைக் கடை இல்லை, அவர் டூல்ஸ் ஒரு பையில் அடக்கம், மறுநாள் கூப்பிட்டால் வேறு சைட்டில் இருப்பார். நீங்கள் பில் தருகிறீர்கள், மெகர் வைத்து அளந்து எழுதிக் கொடுக்கிறீர்கள், முப்பது நாளுக்குள் அதே கோளாறு வந்தால் காசு இல்லாமல் வருகிறீர்கள். இதை நிதானமாகச் சொல்லுங்கள், ரேட்டைக் குறைக்காதீர்கள்.

11. எப்போது மாற்றுவது

ஏப்ரல் முதல் வாரம் நல்ல நேரம், பழைய வருஷக் கணக்கு கையில் இருக்கும். ஆளுக்குச் சம்பளம் ஏற்றினாலோ கடை மாறினாலோ அந்த மாதமே ஒரு முறை போடுங்கள். முழுதும் வேண்டாம், மாறிய வரியை மட்டும் திருத்தி வகுத்தால் போதும். காசாகும் மணியை வருஷத்துக்கு இரண்டு வாரமாவது மறுபடி எழுதிப் பாருங்கள், 5 மணி நாலரையாகக் குறைந்திருந்தால் எலக்ட்ரீசியன் கூலி மட்டுமே 207இலிருந்து 230க்குப் போய்விடும்.

பழைய வாடிக்கையாளர்களுக்கு, குறிப்பாக வருஷ ஒப்பந்தம் வைத்திருக்கும் அபார்ட்மெண்டுகளுக்கும் ஸ்கூல்களுக்கும், ஒரு மாதம் முன்பே புது ரேட்டை எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பாதி வேலையில் இருப்பவர்களுக்குப் பழைய ரேட்டிலேயே முடித்துக் கொடுங்கள்.